தப்பான விளக்குக்கு உடைத்த தேங்காய்

கல்யாணம் ஆன முதல் ஆடி அமாவாசைக்கு மாமனார் என்னை எங்கள் தீவின் டவுனில் உள்ள கடலோர மைதானமான படாங் கோத்தாவுக்கு அழைத்துப் போனார். கோட்டை ஓரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, புல்லில் வாழையிலை விரித்து, சோறு, கறி, வடை, சுருட்டு, ஒரு குப்பி கறுப்பு பீர் எல்லாம் வைத்தார். சூடம் ஏற்றினார். தேங்காய் உடைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "இது எங்க பூட்டன் கட்டுனது மாப்பிள்ள. ஒவ்வொரு கல்லும் அவரு தூக்கிட்டு வந்து வச்சது" என்றார்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு இரும்பு வேலை. கேட், கிரில், படிக்கட்டு, கூரைச் சட்டம், எது கேட்டாலும் வெல்டிங் பண்ணித் தருவேன். எனவே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அது இரும்பு. அடியிலிருந்து நுனிவரை இரும்பு. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கொடுத்து, வெள்ளைச் சாயம் அடித்து, கப்பலின் பாய்மரம் ஒன்று தரையில் இறங்கி நிற்பதுபோல நிற்கிறது.

"எந்தக் கல்லு மாமா? இது முழுக்க இரும்பா இருக்கே?" என்று கேட்டேன்.

என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். அது தாமதமாக வந்த கிள்ளு. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்லு உள்ள இருக்கு."

உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே. அந்தப் பக்கம் பறக்கிற காக்கை இந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது. அதையும் சொன்னேன். என் வாய் கொஞ்சம் நீளம், அது அந்தக் குடும்பத்துக்கு அப்போது தெரியாது. "அஸ்திவாரத்துல இருக்கு" என்றார் மாமா, சோற்றின் மேல் தண்ணீர் தெளித்தபடி. பிறகு வீடு வந்து சேரும்வரை என்னிடம் பேசவில்லை.

குடும்பக் கதை இதுதான். மாமாவுடைய தாத்தாவின் தகப்பன், அவரைத்தான் பூட்டன் என்கிறார்கள், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்த கல்தச்சர். வெள்ளைக்காரன் விளக்குக் கட்ட ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தார். கருங்கல்லை உளியால் கொத்தி, வட்டத்துக்குத் தக்கபடி வளைவு கொடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து ஏற்றுவார்களாம். சின்னக் கல் தலையில் போகும். பெரிய கல்லைத் தண்டில் கட்டி நாலு பேர் தோள் கொடுத்து மலைமேல் தூக்கிப் போவார்களாம். சுண்ணாம்பில் கருப்பட்டியும் முட்டையும் கலந்து பூசினார்களாம். அத்தனை முட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பூட்டன் ஒன்றைக்கூட எடுத்துத் தின்னவில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமைகளில் ஒன்று.

விளக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே அவர் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். விளக்குக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டோம் என்று டவுனில் இருந்த மனைவிக்குச் செய்தி மட்டும் வந்தது. கையில் குழந்தை. எந்த விளக்கு என்று யாரும் சொல்லவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு விளக்கு இருந்தது. போனார், தேங்காய் உடைத்தார், அழுதார், வந்தார். பிறகு பிறந்தவர்கள் எல்லாரும் அங்கேயே உடைத்தார்கள்.

இரண்டாம் வருஷம் நான் இன்னொன்று கேட்டேன். "மலைமேல தூக்கிட்டுப் போனாருன்னு சொல்றீங்களே மாமா, படாங் கோத்தாவுல மலை எங்க இருக்கு?"

"அப்ப இருந்துச்சு."

"இப்ப?"

"வெள்ளக்காரன் வெட்டி எடுத்துட்டுப் போயிட்டான்."

மலையைக் கொண்டுபோய் அவன் என்ன பண்ணினான் என்று கேட்க வாயைத் திறந்தேன். இந்தத் தடவை கிள்ளு சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அந்த இரும்பு விளக்கு ரொம்ப நல்ல வேலை. கடலோர மண் இளகின மண். அதில் கல்லை அடுக்கி உயரமாக ஏற்றினால் ஒரு பக்கம் அமுங்கும். இரும்புச் சட்டமாக நிறுத்தினால் கனம் குறைவு, காற்றும் முட்டாமல் ஊடே புகுந்து போய்விடும். மலையுச்சி என்றால் கதை வேறு. அடியில் பாறை, பக்கத்தில் கல், எவ்வளவு கனம் வைத்தாலும் தாங்கும். கட்டினவர்கள் விவரமானவர்கள், இரண்டையும் மாற்றிச் செய்திருக்க மாட்டார்கள். இதை நான் மாமாவிடம் ஒரு தடவை விளக்கமாகவே சொன்னேன். "நீங்க கேட் மட்டும் செய்ங்க மாப்பிள்ள" என்றார்.

அப்புறம் நானும் விட்டுவிட்டேன். வருஷா வருஷம் போனோம். மாமா அந்த மைதானத்தில் பந்து உதைக்கிறவர்களை முறைத்துக்கொண்டே படையல் போடுவார். அவர்கள் காலுக்கடியில்தான் பூட்டன் படுத்திருக்கிறார் என்று அவர் கணக்கு. படையல் முடிந்ததும் பக்கத்துக் கடையில் போய், வடையும் வெள்ளரிக்காயும் நறுக்கி இனிப்புக் குழம்பு ஊற்றித் தருகிற பசெம்பூர் சாப்பிடுவோம். பூட்டன் புண்ணியத்தில் எனக்கு அந்தப் பசெம்பூர் பிடித்துப்போனது.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கெட்டது. தெலுக் பஹாங்கில் படகு பிடித்து, குரங்குகள் நிறைந்த ஒரு கடற்கரைக்குக் குடும்பத்தோடு கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு போனோம். தீவின் அந்த மூலைக்குச் சாலை கிடையாது, காடும் மலையும்தான். படகு முனையைச் சுற்றும்போது படகோட்டி மேலே கையைக் காட்டினார். மரங்களுக்கு மேலே, மலையுச்சியில், உருண்டையாக, வெள்ளையாக ஒரு விளக்கு. "ரூமா ஆப்பி. பாத்து. லாமா பூஞா" என்றார் மலாயில். கலங்கரை விளக்கம், கல்லால் கட்டியது, பழசு.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் திறப்பது என் வாய்தான். அன்றைக்குத் திறக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

கரையில் அவர் சாப்பிடவே இல்லை. ஒரு குரங்கு வந்து அவர் இலையிலிருந்து வடையை எடுத்தது. பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வடையையும் எடுத்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில், காரில், ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"மாப்பிள்ள, அது கல்லுதானே?"

"கல்லுதான் மாமா."

"மலையும் இருக்கு."

"இருக்கு மாமா."

"அப்ப இத்தனை வருஷமா எவனோ ஒருத்தனோட விளக்குக்குச் சோறு போட்டிருக்கோம்."

என் மனைவி பின்சீட்டிலிருந்து எட்டி அவர் தோளைப் பிடித்தாள். "எங்க போட்டா என்னப்பா? மனசார போட்டீங்க, அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

"எப்படிம்மா சேரும்? நான் தபால்காரன்" என்றார் மாமா. அது உண்மை. ரிட்டையர் ஆகும்வரை டவுன் முழுக்கக் கடிதம் கொடுத்தவர். "விலாசம் தப்பா இருந்தா சேராது. அதுவாவது பரவாயில்ல, திரும்பி வந்துடும். நமக்கு ஒண்ணும் திரும்பிக்கூட வரல."

அன்று முதல் அவருக்கு ஒரே குறி. மலையேறிப் போய், அந்தக் கல்லைக் கையால் தொட்டு, பூட்டனுக்கு அங்கே ஒரு இலை போட வேண்டும். அவ்வளவுதான். அடுத்த ஆடிக்கு ஏறலாம் என்றோம். அந்த ஆடிக்கு மழை, பாதை வழுக்குகிறது என்றார்கள். அடுத்த ஆடிக்கு அவருக்கு முழங்கால் வலி. பிறகு கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படாங் கோத்தாவுக்கு மட்டும் அவர் மறுபடி போகவில்லை. "தெரியாம செஞ்சா தப்பு. தெரிஞ்சு செஞ்சா அசிங்கம்" என்றுவிட்டார். பசெம்பூரும் போயிற்று.

அப்புறம் அந்தச் செருப்பு. புதுச் செருப்பு கடித்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, உள்ள உடம்புக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. என் மனைவி பார்த்துக் கத்தியபோது இடது கால் விரல் கறுத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் தமிழ்ப் பெண். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். லேட் பண்ணாதீங்க, ப்ளீஸ் லா" என்றார்.

"ஆடி அமாவாசை முடிஞ்சு எடுங்களேன் டாக்டர்."

"வீட்டுல ஏதாச்சும் விசேஷமா அங்கிள்?"

"ஒரு மலை ஏறணும்."

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன். அமாவாசைக்குப் பத்து நாள்கூட இல்லை. தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும், நடக்கவே கூடாது என்று மூன்று கட்டளை போட்டு ஒத்துக்கொண்டார். மலையைப் பற்றி அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

நான் நம்பினேன். பட்டறையில் அலுமினியக் குழாய் வளைத்து ஒரு நாற்காலி செய்தேன், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்குகிற மாதிரி. ஆள்களும் பேசி வைத்தேன். கொண்டுவந்து காட்டினேன்.

"பூட்டன் கல்லைத் தூக்கிட்டு ஏறுனாரு. நீங்க என்னைக் கல்லு மாதிரி தூக்கிட்டு ஏறப் போறீங்களா?"

"ஆமா மாமா."

மாமா அதில் உட்கார்ந்து பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். "வெல்டிங் நல்லாருக்கு" என்றார். கல்யாணமாகி அவர் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பிறகு காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "விளக்குக்கிட்ட வந்ததும் எறக்கி விட்டுருங்க. கடைசி நாலு எட்டு நானா நடக்கணும். இந்தக் காலு ஊருல உள்ள எல்லாருக்கும் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கு மாப்பிள்ள. சீனன், மலாய்க்காரன், தமிழன், ஒருத்தன் பாக்கி இல்ல. எங்க ஆளுக்கு மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்ல. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துரட்டும்."

"சரி மாமா" என்றேன்.

அமாவாசைக்கு முதல் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. படையலுக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் நடுக்கம், உளறல். ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே டாக்டர் மறு பேச்சே பேசவில்லை, விஷம் மேலே ஏறுகிறது, காலா உயிரா என்றார். என் மனைவி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து, "ஒரு நாள்ங்க. ஒரே ஒரு நாள்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். பூட்டன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் பொறுத்த மனுஷன் இன்னும் ஒரு நாள் காய்ச்சலை நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா?

ஆபரேஷன் முடிந்ததும் ஓர் ஊழியர் வந்தார். மலாய்க்காரர், பணிவாகப் பேசினார். எடுத்த காலை என்ன செய்வது என்று கேட்டார். முஸ்லிம்கள் வாங்கிக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிடுவார்களாம். நம்மவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிடமே விட்டுவிடுவார்களாம். நானும் விட்டுவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். என் மனைவி, "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு" என்றாள். மயக்கத்தில் கிடக்கிறவரிடம் எப்படிக் கேட்பது என்று நான் எரிந்து விழுந்தேன். நல்லவேளை, அவள் கேட்கவில்லை, என் பேச்சை.

மறுநாள் மாமா கண் திறந்தார். முதல் வார்த்தை, "எங்க?"

"இங்கதான் இருக்கா மாமா, காப்பி வாங்கப் போயிருக்கா."

"அவ இல்ல. காலு."

ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றேன். மாமா, வீட்டில் யார் யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்: "குப்பையில போட்ற வேணாம் மாப்பிள்ள. எரிச்சுச் சாம்பலை வாங்கிருங்க. மலைக்கு அடியில கடல்ல கரைச்சிடலாம். என்னால முடியல. அதாவது போகட்டும்."

காலை எரிப்பது ஆளை எரிப்பதைவிடச் சிரமம். சுடலையில் இருந்தவர் விவரம் எழுதப் பேனாவைத் திறந்து, எப்போது இறந்தார் என்று கேட்டார். சாகவில்லை என்றேன். பேனாவை மூடிவிட்டார். ஆஸ்பத்திரித் தாளைக் காட்டி விளக்கிச் சொன்ன பிறகு மறுபடி திறந்தார். "மத்தவங்களும் கொண்டு வந்திருக்காங்க அண்ணே. ஆனா அஸ்தி கேட்டவரு நீங்கதான் முதல் ஆளு" என்றார். கொடுத்த சாம்பல் ஒரு சின்ன மண்சட்டி அளவுதான்.

சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. ஆனால் உடனே கடலுக்கும் போக முடியாது, புண் ஆற வேண்டும், மாமா தானே வருவேன் என்கிறார். எனவே சட்டி என் பட்டறையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே, மஞ்சள் துணி சுற்றி உட்கார்ந்திருந்தது. மாமா தினமும் போன் போடுவார். "காலு எப்படி இருக்கு?" என்று நான் கேட்பேன். "நல்லாருக்கு. அங்க காலு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார். "நல்லாருக்கு மாமா" என்பேன்.

ஐயரிடம் போனேன். உயிரோடு இருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும் விட முடியாது, அப்படி ஒரு சாஸ்திரமே இல்லை என்று கையை உதறிவிட்டார். மாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "எனக்கு விட வேணாம்னு சொல்லுங்க. பூட்டனுக்கு விடச் சொல்லுங்க. காலு கூட வந்ததா இருக்கட்டும்." ஐயர் அதற்கு ஒத்துக்கொண்டார், ஆனால் கரையிலேயே செய்துவிடுவேன், படகு எனக்கு ஆகாது, வாந்தி வரும் என்றார்.

புரட்டாசி அமாவாசை அன்று காலையில் தெலுக் பஹாங் போனோம். கரையில் ஐயர் மந்திரம் சொல்ல, மாமா பூட்டனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். மலைக்கென்று செய்த நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நானும் படகுத்துறையில் நின்ற இரண்டு மூன்று பேருமாகத் தூக்கிப் படகில் இறக்கினோம். என் மனைவி வாழையிலையும் சோறும் வடையும் எடுத்து வந்தாள். படகோட்டி வயதான மலாய்க்காரர், எங்களுக்குப் புதியவர். சட்டியையும் மஞ்சள் துணியையும் பார்த்ததுமே விஷயம் புரிந்து, மெதுவாகவே ஓட்டினார்.

முனைக்கு வந்ததும் மேலே விளக்கு தெரிந்தது. சின்ன விளக்குதான். படாங் கோத்தாவில் நிற்பது இதைவிட உயரம். இதற்கு உயரத்தைக் கொடுப்பது மலை. அந்தச் சரிவைக் கீழேயிருந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, அதில் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏறியிருக்கிறார் என்று.

மாமா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இலையைத் தண்ணீரில் விட்டார். சட்டியை மடியில் எடுத்து வைத்து, துணியைப் பிரித்தார்.

படகோட்டி என் பக்கம் குனிந்து, துக்கம் கேட்கிற தாழ்ந்த குரலில், "சியாப்பா மெனிங்கால்?" என்றார். யார் இறந்தது?

எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மாமாவே திரும்பிப் பதில் சொன்னார்.

"சாயா. சிக்கிட் டூலு."

நான்தான். இப்போதைக்குக் கொஞ்சம்.

படகோட்டி சிரிக்கவில்லை. மடித்துக் குத்தியிருந்த கால்சட்டையைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தி, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் மனைவிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

மாமா சட்டியை யாரிடமும் தரவில்லை. தானே குனிந்து, தானே கவிழ்த்தார். சாம்பல் கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் நின்றுவிட்டு மலைப்பக்கமாக நகர்ந்தது. வழக்கப்படி சட்டியையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதை வாங்க நான் கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. சட்டியைக் கடல் தண்ணீரில் அலசி, கவிழ்த்து, தண்ணீர் வடிய மடியில் வைத்துக்கொண்டார்.

"எறிஞ்சிடாதீங்க மாப்பிள்ள" என்றார். "மீதிக்கு வேணும்."